ரயில் வந்தால் கையை எடு

கிழக்குத் தாம்பரம்
ஆகஸ்ட் 11, 2024

அன்புத் தங்கை டெபோராவுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் நலம். கொசுக்கள் எங்களைவிட நலம். நீயும் உன் மலையும் அதன் மேலுள்ள மிஷன் ஆஸ்பத்திரியும் எப்படி? ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் ஒன்றுமே பேச முடிவதில்லை. நீ தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றுகொண்டு "கேக்குதா, கேக்குதா" என்கிறாய். நாங்கள் நான்கு பேரும் "கேக்குது, கேக்குது" என்று கத்துகிறோம். அதற்குள் சிக்னல் போய்விடுகிறது. ஜார்க்கண்டில் நர்ஸ் வேலைக்குப் போனவளிடம் குடும்ப விஷயம் பேச இனித் தபால்தான் வழி என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜனவரி கடைசி சனிக்கிழமைக்கு ஆலயம் கிடைத்துவிட்டது. ஷெர்வின் வீட்டாரிடமும் சொல்லியாயிற்று. முப்பத்தாறு வயதில் உனக்குக் கல்யாணமா என்று சபையில் ஓரிருவர் வாயைப் பிளந்தார்கள். "அவ யோசிச்சுப் பண்ணிக்கிறா, நீங்க யோசிக்காமப் பண்ணிக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதில் ஒருவர் ஆயரின் மனைவி. பரவாயில்லை.

இன்னொரு செய்தி. பிளஸ்ஸியைப் பியானோ வகுப்பில் சேர்த்திருக்கிறேன். சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் ஷீலா டீச்சர் வீட்டில் நிஜப் பியானோவே இருக்கிறது. வீட்டில் பழக உன் அத்தான் ஃபிரெடி ஒரு கீபோர்டு வாங்கித் தந்திருக்கிறார். உன் கல்யாணத்தில் நீ ஆலயத்துக்குள் நடந்து வரும்போது வாசிக்கப்போவது உன் அக்கா மகள்தான்! ஐந்து மாதம் இருக்கிறதே, ஒரு கல்யாண மார்ச் இசையைக் கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் ஆகிவிடும்?

அப்பா நலம்.

உன் அக்கா,
ஹில்டா


ஆகஸ்ட் 27, 2024

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். இங்கே மலேரியாவும் நலம், வார்டில் இடமில்லை. ஷெர்வின் லேபில் நாள் முழுவதும் ரத்தம் பார்த்துவிட்டு மாலையில் என்னைப் பார்க்க வருகிறார். என் முகம் அதற்கு எவ்வளவோ தேவலை என்று சொல்லியிருக்கிறார். இந்த மாதத்துக்கு எனக்குக் கிடைத்த புகழ்ச்சி அது ஒன்றுதான்.

பிளஸ்ஸி பியானோ கற்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அக்கா, கிறிஸ்டி சாரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. நம் ஆலயத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் அவர்தானே வாசிக்கிறார்? மனிதர் மனசு வருத்தப்படாதா? பிளஸ்ஸி விருந்து நேரத்தில் ஹாலில் வாசிக்கலாமே. சாப்பிடுகிறவர்கள் ரொம்பப் பொறுமையாக இருப்பார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே வர வேண்டும். பூ எப்படி இருந்தாலும் சரி, பிரியாணி எப்படி இருந்தாலும் சரி. அம்மாவும் இல்லாத வீட்டில் என்னைக் கொண்டுவந்து கொடுக்க அவரைவிட்டால் யார்? அவர் நடக்காவிட்டால் எனக்கு அந்த நடையே வேண்டாம்.

உன் கடிதத்தில் கொசுவுக்குக் கொடுத்த இடத்தைக்கூட அப்பாவுக்குக் கொடுக்கவில்லை. அவர் எப்படி இருக்கிறார்?

பிளஸ்ஸிக்கு முத்தம். அத்தானுக்கு அன்பு.

டெபோரா


கிழக்குத் தாம்பரம்
செப்டம்பர் 19, 2024

அன்புள்ள டெபிக்கு,

மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் துணி காய்கிறது. மற்றபடி சுகம்.

கிறிஸ்டி சாரிடம் கேட்டுவிட்டேன். வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை. "அன்னைக்காவது நான் நிம்மதியா உக்காந்து கல்யாணம் பாப்பேனே" என்று கண்கலங்கிப்போனார். ஆகவே அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

பிளஸ்ஸி நன்றாக முன்னேறுகிறாள். ஒரே ஒரு சின்ன விஷயம். ஷீலா டீச்சர் வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். மின்சார ரயில் போகும்போது அவர் சொல்வது பிள்ளைகளுக்குக் கேட்காது, பிள்ளைகள் வாசிப்பது அவருக்கும் கேட்காது. அதனால் அந்த வீட்டில் ஒரு சட்டம்: ரயில் வந்தால் கையை எடு. விரலைத் தூக்கி, மூச்சுகூட விடாமல் காத்திருந்து, ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து ஒரு சுரம்கூடத் தவறாமல் தொடர வேண்டும். அங்கே படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் அதில் கெட்டிக்காரர்கள்.

பிளஸ்ஸி கெட்டிக்காரியிலும் கெட்டிக்காரி. வீட்டில் மிக்ஸி ஓடினாலும் கையை எடுத்துவிடுகிறாள். குக்கர் விசில், விமானப்படைக்காரர்களின் விமானம், ஃபிரெடியின் தும்மல், எல்லாம் அவளுக்கு ரயில்தான். அதனால் அவள் பழகும் நேரத்தில் நான் மிக்ஸியைத் தொடுவதில்லை. வீட்டு வேலைக்கு வரும் அங்காளம்மாள் நேற்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள்: "இன்னாமா, ஒரு மாசமா இந்த வூட்ல சட்னியே இல்ல? பாப்பா பாட்டு கத்துக்கினா மன்ஷன் தோசய சும்மா துன்னணுமா?"

பெரிய கலை வளரும்போது சட்னி கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

அப்பா வழக்கம்போல எல்லோரையும் அதிகாரம் செய்துகொண்டிருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹில்டா


அக்டோபர் 8, 2024

அன்பு அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் சட்னியோடு நலமாயிருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை ஷெர்வினுக்கு வாசித்துக் காட்டினேன். "நம்ம சர்ச்சுக்குப் பக்கத்துலயும் தண்டவாளம் இருக்குல்ல?" என்று கேட்டார். இருக்கிறது அக்கா. இந்தப் பக்கம் ஆலயம், நடுவில் ஒரு மதில், அந்தப் பக்கம் ரயில்.

எனக்கு ஒரு யோசனை. பிளஸ்ஸிக்கு வெள்ளை கவுன் போட்டு, கையில் பூக்கூடை கொடுத்து, எனக்கு முன்னால் பூத்தூவிக்கொண்டு வரவிட்டால் எவ்வளவு அழகாக இருக்கும்? பூத்தூவும்போது ரயில் வந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அப்பாவை ஒரு கடிதம் எழுதச் சொல். போனில் அவர் எப்போதும் உட்கார்ந்தே பேசுகிறார். முன்பெல்லாம் போனை வைத்துக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடையாய் நடப்பார்.

டெபோரா


கிழக்குத் தாம்பரம்
அக்டோபர் 21, 2024

டெபோராவுக்கு,

நலம். பூத்தூவ வேறு யாராவது பிள்ளையைப் பார்த்துக்கொள். என் மகள் கலைஞர்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எழுதுவார்.

ஹில்டா


கிழக்குத் தாம்பரம்
நவம்பர் 14, 2024

செல்ல மகள் டெபோராவுக்கு அப்பா எழுதுவது,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. நான் திடகாத்திரமாக இருக்கிறேன். உன் அக்கா எனக்கு உப்பைக் குறைத்துவிட்டாள், அது ஒன்றுதான் இந்த வீட்டில் எனக்குள்ள நோய்.

நான் உன்னை ஆலயத்துக்குள் நடத்திக்கொண்டு வருவேனா என்று சந்தேகப்பட்டாயாம். நான் யார்? முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்து, ஆயிரக்கணக்கான பிள்ளைகளை நடக்கவைத்தவன். சுதந்திர தின அணிவகுப்பில் என் பள்ளிக்கூடம் நடந்துபோனால் கலெக்டரே நிமிர்ந்து உட்காருவார். நெஞ்சு முன்னால், தோள் பின்னால், பார்வை நேரே. அப்படித்தான் உன்னைக் கொண்டுவருவேன். கம்பும் வேண்டாம், கட்டையும் வேண்டாம்.

மார்ச் வாசிக்கிறவர்கள் மட்டும் தாளம் தவறாமல் வாசிக்க வேண்டும். நடக்கிறவனுக்கு அதுதான் முக்கியம். பிளஸ்ஸியிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்பும் ஆசீர்வாதமும்.

உன் அப்பா,
ஐசக்


கிழக்குத் தாம்பரம்
டிசம்பர் 16, 2024

அன்புள்ள சித்திக்கு,

பிளஸ்ஸி எழுதுவது. நான் நலம், நீங்கள் நலமா? தமிழில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்ப வேண்டாம், அம்மா பார்த்துவிடுவாள். அங்காளம்மாள் ஆயாதான் இதைத் தபாலில் போடுகிறார்கள்.

நேற்று கேரல் ஆராதனையில் நான் ஒரு பாட்டுக்கு வாசித்தேன். நடுவில் பீச் ஸ்டேஷன் ரயில் வந்தது. நான் கையை எடுத்தேன். ஆனால் பாடகர் குழு நிறுத்தவில்லை. அவர்கள் ஷீலா டீச்சரிடம் படிக்கவில்லை. ரயில் போனதும் நான் விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். அவர்கள் ஒரு சரணம் தள்ளிப் போயிருந்தார்கள். பாதி பேர் என்கூட வந்தார்கள், பாதி பேர் வரவில்லை. அப்புறம் ஏரோப்பிளேன் வந்தது. கிறிஸ்டி அங்கிள் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆயர் "எல்லோரும் ஜெபிப்போம்" என்று சொல்லிவிட்டார், பாட்டு முடியவே இல்லை. அம்மா வீட்டுக்கு வந்து மிக்ஸியை நிறைய நேரம் ஓடவிட்டாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அம்மா சொல்லக் கூடாது என்றாள். தாத்தா சொல்லக் கூடாது என்றார். நான் எழுதுவதை அப்பாவிடம் சொல்லவில்லை, ஆனாலும் அவருக்குத் தெரியும்.

தாத்தா ஜூன் மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. இப்போது வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். வாக்கர் இல்லாமல் நடந்தால் கொஞ்ச தூரம் நன்றாக வருகிறார், அப்புறம் இடது கால் நடுங்குகிறது. கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறது, மறுபடி நடக்கிறார். ஆனால் அவருக்கு நிற்கப் பிடிக்காது. "பரேட்ல நடுவுல நிக்கிறவன் அவுட்" என்று சொல்கிறார். நான் பழகும்போது அவர் கூடத்தில் நடந்து பழகுகிறார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே வாசிப்பேன்.

சித்தி, நீங்கள் அழக் கூடாது. கல்யாணத்தில் நான் வாசிக்க வேண்டாம் என்றால் எனக்கு ஓகேதான். நிஜமாக ஓகே.

அன்புடன்,
பிளஸ்ஸி
வகுப்பு 4 ஆ


டிசம்பர் 24, 2024

ஹில்டா அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுத மனசு வரவில்லை.

இடுப்பில் ஆபரேஷன். நான் ஒரு நர்ஸ். ஊர் பேர் தெரியாத கிழவர்களைத் தினமும் கைபிடித்து நடக்கவைக்கிறேன். என் அப்பா விழுந்ததை எனக்கு நாலாம் வகுப்புப் பிள்ளை சொல்ல வேண்டியிருக்கிறது. பிளஸ்ஸியைத் திட்டினால் நான் உன்னோடு பேசமாட்டேன். ஆறு மாதமாக "அப்பா நலம், அப்பா நலம்" என்று எப்படி உனக்குக் கை வந்தது?

போனில் இதைக் கேட்டால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதனால் எழுதுகிறேன். பதில் போடு. உண்மையாகப் போடு.

கிறிஸ்துமஸ் வாழ்த்து.

டெபோரா


கிழக்குத் தாம்பரம்
டிசம்பர் 31, 2024

அன்புத் தங்கைக்கு,

நீ எழுதியதெல்லாம் நியாயம். பிளஸ்ஸியைத் திட்டவில்லை. திட்ட வாயெடுத்தேன், அங்காளம்மாள் குறுக்கே வந்து, "நா தான் போஸ்ட்டு பண்ணேன், என்னக் கேளு" என்று நின்றுகொண்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். அம்மா படுத்தபோது என்ன செய்தாய்? நிச்சயமான கல்யாணத்தை ஆறு மாதம் தள்ளிவை என்றாய். அது ஆறு மாதத்தோடு நின்றதா? அந்த மாப்பிள்ளைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அப்பா ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "டெபிகிட்ட சொல்லாத. அவ மறுபடியும் நிறுத்திடுவா. சத்தியம் பண்ணு." நம் வீட்டில் சத்தியம் செய்யக் கூடாது என்று சொல்லி வளர்த்தவரே அவர்தான். செய்தேன்.

டாக்டர் சக்கர நாற்காலி சொன்னார். அப்பா டாக்டரை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் வாக்கருக்கு இறங்கி வந்தார். ஆலயத்தில் அதையும் பிடிக்கமாட்டாராம். வாசலிலிருந்து பீடம்வரை நிற்காமல் நடக்க அவரால் முடியாது டெபி. நடுவில் நின்று இளைப்பாறவும் மாட்டார், சபை முழுவதும் பார்க்குமே. அத்தனை பேருக்கு நடுவில் விழுந்துவிட்டால்?

பிளஸ்ஸி விஷயத்திலும் நீ சொன்னதுதான் சரி. மார்ச்சையாவது ஒருவர் நிற்காமல் வாசிக்கட்டும் என்று கிறிஸ்டி சாரிடம் கெஞ்சிக் கேட்டுவிட்டேன். பாவம், ஒத்துக்கொண்டார். அவள் கலைஞர் என்று நான் எழுதியதை மறந்துவிடு.

கல்யாணத்தை மட்டும் நிறுத்தாதே.

புத்தாண்டு வாழ்த்து. ஷெர்வினுக்கும் சொல்.

ஹில்டா


ஜனவரி 7, 2025

அக்கா,

கல்யாணம் நிற்காது. பதினெட்டாம் தேதி ரயில் ஏறுகிறோம்.

அப்பா நடக்கட்டும். விழுந்தால் நான் பிடிப்பேன், அதுதானே என் தொழில்.

பிளஸ்ஸிதான் வாசிக்க வேண்டும். அந்த வீட்டில் எனக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள். தப்பும் தவறுமாக வாசித்தாலும் அவள் வாசித்துத்தான் நான் உள்ளே வருவேன். கிறிஸ்டி சார் நிம்மதியாக உட்கார்ந்து கல்யாணம் பார்க்கட்டும்.

டெபோரா


பிப்ரவரி 9, 2025

அன்பு அக்காவுக்கு,

இருவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். குவார்ட்டர்ஸில் எலிகள் பேண்டு வாசித்து எங்களை வரவேற்றன. நீ கட்டிக்கொடுத்த முறுக்கு எங்களுக்கு முன்னால் அவற்றுக்குப் பிடித்துவிட்டது. ஷெர்வின் உன் பிரியாணியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

புறப்படும் அவசரத்தில் ஸ்டேஷனில் வைத்து உன்னிடம் சொல்ல முடியாமல் போயிற்று. நீ பிளஸ்ஸியை ஆலய வாசலிலேயே பிடித்து உலுக்கினாயாம். "சித்தி கல்யாணத்துல மூணு தடவ நிறுத்திட்டியேடி!" என்று. அவள், "ரயில் வந்துச்சும்மா" என்று சொன்னாளாம். நீ நம்பிவிட்டாய். முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு என்ன கேட்டிருக்கும்?

நான் சொல்கிறேன், கேள். நாங்கள் வாசலில் நின்றபோது அப்பா வாக்கரை ஃபிரெடி அத்தான் கையில் கொடுத்துவிட்டு, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இசை நின்னா நிக்கணும், இசை போனா போகணும். அதான் மார்ச்" என்று எனக்கே டிரில் சொன்னார். பிளஸ்ஸி ஆரம்பித்தாள். நடந்தோம். நிஜமாகவே நெஞ்சு முன்னால், தோள் பின்னால். கொஞ்ச தூரத்தில் ரயில் வந்தது. அவள் கையை எடுத்தாள். அப்பா டக்கென்று நின்றார், நானும் நின்றேன். ஷெர்வின் பீடத்தின் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. ரயில் போயிற்று, தொடர்ந்தாள், நடந்தோம். அதுவரைக்கும் நீ நினைத்ததுதான்.

அப்புறம் அப்பாவின் கை என் கையில் கனத்தது. இடது கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. நான் மெதுவாக "அப்பா, நில்லுங்க" என்றேன். காதில் வாங்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறார். நான் பிடிக்கத் தயாராகிவிட்டேன். அந்த நேரம் இசை நின்றது.

அக்கா, அப்போது ரயில் வரவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். ஏரோப்பிளேன் இல்லை, யாரும் தும்மவில்லை, ஆலயத்தில் குழந்தைகள்கூட அழவில்லை. பிளஸ்ஸி இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, தாத்தாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்துப் பெஞ்சின் ஓரத்தில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். சபையில் எல்லோரும் பியானோவைத்தான் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். அவளுக்குக் காது சிவந்துபோயிற்று, ஆனாலும் கையை இறக்கவில்லை. கால் நடுக்கம் நின்றது. அவர் நிமிர்ந்தார். அவள் விட்ட இடத்திலிருந்து ஒரு சுரம் தவறாமல் வாசித்தாள்.

பீடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு தடவை. அப்போதும் ரயில் இல்லை.

அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் கேட்டேன், என்னிடமும் "ரயில் சித்தி" என்றுதான் சொன்னாள். நான் விட்டுவிட்டேன், நீயும் விட்டுவிடு. அவள் வாசிக்க வேண்டாம் என்று நான்தான் எத்தனை வழியில் உனக்கு எழுதினேன்! நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளைக் கட்டிக்கொள். மிக்ஸியையும் ஓட்டு, அங்காளம்மாள் பாவம்.

டெபோரா


கிழக்குத் தாம்பரம்
பிப்ரவரி 22, 2025

செல்ல மகள் டெபோராவுக்கும் மருமகன் ஷெர்வினுக்கும் அப்பா எழுதுவது,

கர்த்தர் உங்கள் இருவரையும் ஒருமனமாக வைப்பாராக. நான் நலம். உன் அக்கா என்னமோ திடீரென்று பிளஸ்ஸியை மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுகிறாள். எனக்கும் உப்பு கொஞ்சம் கூட்டியிருக்கிறாள். காரணம் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

உன்னை அன்றைக்கு நடத்திக்கொண்டு வந்தது என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம். உன் அம்மா பார்த்திருந்தால் அவளுக்கும் மனசு நிறைந்திருக்கும்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். பிளஸ்ஸிக்கு இன்னும் சரியாக வாசிக்க வரவில்லை. நடுநடுவே நிறுத்திவிட்டாள், பார்த்தாய் அல்லவா? எனக்கு நிற்க வேண்டிய அவசியமே இல்லை, நான் பாட்டுக்கு நேராகப் பீடம்வரை போயிருப்பேன். ஆனால் நான் நிற்காமல் போனால் பிள்ளை தடுமாறுகிறாள் என்று சபைக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு அவமானமாகிவிடும். அதனால் வேண்டுமென்றே நின்றேன். களைத்தவன் மாதிரி ஒரு பெஞ்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீயும் அவளிடம் சொல்லிவிடாதே, குழந்தை மனசு தாங்காது.

உன் அப்பா,
ஐசக்